காட்டேரிக்கு என்ன கலர் சேலை?

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிளசர் கார் வந்து நின்றது. இறங்கியவர் புதுவயல் சிகப்பி ஆச்சி. கக்கத்தில் நான் பத்தி எழுதும் இந்தப் பத்திரிகை, சுருட்டியபடி.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சிகப்பி ஆச்சியின் கடைசி மகனுக்குத்தான் என் மகள் உமையாளைப் பேசி முடித்திருக்கிறோம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். சம்பந்தியாகப் போகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாலே பெண்ணைப் பெற்றவள் பதறுவாள். பத்திரிகையோடு வந்து நின்றால்?

ஏன் இவ்வளவு பயம் என்கிறீர்களா? என் பத்திக்குப் பத்துப் பக்கம் தள்ளி 'பசித்தவள்' என்று ஒரு தொடர்கதை வருகிறதல்லவா... இரத்தக் காட்டேரிக் கதை. அதை எழுதுகிறவர் ஏதோ ஓர் ஆண்பிள்ளை என்றுதானே இத்தனை வாரமும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்?

இல்லை. என் மகள்தான்.

உங்களுக்குத்தான் இது செய்தி. எங்கள் ஊரில் எப்போதோ தெரிந்துவிட்டது. காரைக்குடியில் புனைபெயர் என்பது குடை மாதிரி. மழைக்கு ஒதுங்கலாம், ஆள் யாரென்று தெரியாமல் போகாது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். வேலம்மை என்று ஒரு பெண். கல்யாணமான புதிதிலேயே செத்துப்போகிறாள். செத்தவள் பச்சைச் சேலையோடு எழுந்து வருகிறாள் - இரத்தம் குடிக்க. அதிலும் ஒரு மிடறுக்கு மேல் குடிக்கமாட்டாள். பிரதோஷத்தன்று பட்டினி. குடித்த கையோடு நேரே கோயிலுக்குப் போய், சாத்திய கதவுக்கு முன்னால் நின்று பதிகம் பாடுவாள். பாடி முடித்துக் கேட்பாள்: "பசியை எனக்குள் வைத்தது நீ. பாவத்தை மட்டும் என் தலையில் கட்டினால் எப்படி? எல்லைச்சாமிக்கு ஆடு வெட்டுகிறார்களே... அவரை யாராவது காட்டேரி என்கிறார்களா?"

இந்த வரியை அச்சில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. சாமியை இப்படிக் கேட்டுவிட்டாளே! ஊர் சும்மா விடுமா? நான் பாடம் நடத்துகிற பெண்கள் பள்ளியில் என்ன சொல்வார்கள்? யார் கல்லெடுத்து அடிப்பார்கள்?

ஒருவரும் அடிக்கவில்லை. வந்த எதிர்ப்புகளே வேறு.

முதலில் கோயில் ஓதுவார் வந்தார். முகம் சிவந்திருந்தது. "டீச்சர், காட்டேரி பதிகம் பாடட்டும், வேணாங்கலை. ஆனா பிரதோஷத்தன்னிக்கு அந்த ராகத்துலயா பாடும்? உங்க மக விசாரிச்சு எழுத வேணாமா?"

தெருமுனைத் தையல்காரர் பகுத்தறிவுக்காரர். அவருக்குக் காட்டேரி வருவதைவிட அது பதிகம் பாடுவதில்தான் ஆட்சேபணை. "பேயிருக்குன்னு எழுதுறதே மூடநம்பிக்கை. அதுல பக்தி வேறயா? ஒண்ணு பேயாக இருக்கட்டும், இல்லை பக்தையாக இருக்கட்டும்!" என்றார். அடுத்த இதழ் எப்போது வரும் என்றும் கேட்டுக்கொண்டார்.

என்னோடு வேலை பார்க்கும் கிரேஸ் டீச்சர் மட்டும் பெருந்தன்மையாகப் பேசினார். "எங்க பேயெல்லாம் சிலுவையைக் கண்டா ஓடிப்போகும் டீச்சர். உங்க பேய் உள்ள விடு, உள்ள விடுன்னு அழுவுது. உங்களுது பரவாயில்ல."

அப்பாடா, இவ்வளவுதானா என்று நான் மூச்சுவிட்டபோதுதான் அடுத்த கூட்டம் ஆரம்பித்தது.

அதற்கு முன் ஒரு விளக்கம். எங்கள் வீடுகளில் 'படைப்பு' என்று ஒன்று உண்டு. செத்துப்போன முன்னோரை, அதிலும் சின்ன வயதில் போன பெண்களை, வீட்டுச் சாமியாகவே வைத்துக் கும்பிடுவோம். அவர்கள் பேரைச் சொல்லி, புதுச்சேலை வைத்து, பிடித்த பலகாரமெல்லாம் செய்து, தலைவாழை இலை போட்டுப் படைப்போம். படைக்காமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை.

இப்போது புரிகிறதா, என்ன நடந்திருக்கும் என்று?

அமராவதிபுதூரிலிருந்து ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்க வீட்டுப் பெரியாத்தாளப் பத்தி உங்க மகளுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. கதைதான்."

"அது சரி. அவுக கட்டியிருந்தது கிளிப்பச்சையா, இலைப்பச்சையா? கதையில வெறுமனே பச்சைன்னு போட்டுட்டீக. நாங்க சேலை எடுக்கணும்ல?"

அவர் மட்டுமா? ஒருவர் போனால் ஒருவர். எல்லோருக்கும் ஒரே புகார் - வேலம்மை எங்கள் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில்தான் அப்படி ஒருத்தி செத்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும்? கதை, கற்பனை என்று நான் சத்தியம் செய்தால், "நீங்க சொல்லமாட்டீக, இருக்கட்டும்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஜவுளிக்கடைக்காரர் என்னைத் தெருவில் பார்த்துக் கும்பிட்டார். கடையில் பச்சைச் சேலை தீர்ந்துவிட்டதாம். அடுத்த கதையில் அரக்குக் கலர் போடச் சொல்ல முடியுமா என்றார்.

சாக்கோட்டையில் ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருக்கவில்லை. படைத்தே விட்டார்கள். வேலம்மை என்ற பேரைச் சொல்லியே! பலகாரத்தை எங்களுக்கும் கொடுத்தனுப்பினார்கள். என் மகள் கற்பனையில் செத்த பெண்ணுக்குப் படைத்த பணியாரத்தை நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

சாமியைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடவுளுக்கு ஒரு கேள்வி எழுதினாள் என் மகள். ஊரோ, அது தங்கள் வீட்டு முகவரிக்கு வந்ததாக எடுத்துக்கொண்டது.

இந்த நிலையில்தான் சிகப்பி ஆச்சி வந்து இறங்கினார்.

என் வீட்டுக்காரர் காரைப் பார்த்ததும், "பேங்குல ஒரு வேலை" என்று பின்பக்கமாகப் போய்விட்டார். சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தார். சொல்ல நேரமில்லை.

காப்பி கொடுத்தேன். ஆச்சி தொடவில்லை.

"டீச்சராச்சி, ஒங்க மகளக் கூப்பிடுக."

போச்சு என்று நினைத்தேன். நல்ல இடம். படித்த பையன். தங்கமான குணம். ஒரு காட்டேரியால் போச்சு.

உமையாள் வந்து நின்றாள். ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, இங்குட்டு வந்து உக்காரு. எங்க வீட்டுக் கதைய ஒனக்கு யாரு சொன்னா?"

சிரித்துவிட்டேன். பயம் தெளிந்த சிரிப்பு. இவருக்கும் அதே புகார்தானா! கிளிப்பச்சையா, இலைப்பச்சையா என்று சொல்லி அனுப்பிவிடலாமே...

"சிரிக்காதீக" என்றார் ஆச்சி. என் சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுல செத்தவுக எங்க மாமியாவுக்கு ஓர்ப்படியா, கொழுந்தன் பொண்டாட்டி. கட்டிக்கிட்டு வந்த வருசமே புருசன் ரங்கூனுக்குப் போயிட்டாக. அந்நேரம் அவுகள வேறு வச்சாச்சு."

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மகனுக்குக் கல்யாணமானால் எங்கள் பக்கம் 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான். ஆனால் புதுத் தம்பதிக்கு அறை தனி, அடுப்பு தனி, அரிசி பருப்பு தனி. ஒரே கூரைக்குக் கீழே நாலு மருமகள், நாலு உலை. ஒருத்தி அடுப்பில் என்ன வேகிறது என்று இன்னொருத்தி கேட்பது மரியாதையில்லை. சண்டை வராமலிருக்க நல்ல ஏற்பாடு என்று நானே இந்தப் பத்தியில் புகழ்ந்து எழுதியிருக்கிறேன்.

ஆச்சி தொடர்ந்தார். "உலக யுத்தம் வந்துச்சு, கப்பல் நின்னுபோச்சு. ரங்கூன்லருந்து ஒண்ணும் வரலை. அவுக அறையில அரிசி தீந்துபோச்சு. பெரிய வீட்டுப் பொண்ணு, யாருகிட்டயும் போய் நிக்கலை. அடுப்புல வெறுந்தண்ணிய வச்சுக் கொதிக்க விடுவாகளாம். புகை வரணும்ல? புகை வருதேன்னு வீட்டுல அத்தனை பேரும் சும்மா இருந்துட்டாக. அடுத்த அறையில நெல்லு மூட்டை அட்டி அட்டியாக் கெடந்துச்சு டீச்சராச்சி... காய்ச்சல்ல போயிட்டாகன்னு வெளிய சொன்னாக."

உமையாள் எழுதிய வேலம்மையும் பசியில்தான் செத்தாள். எப்படிப் பசி, ஏன் பசி என்று என் மகள் இன்னும் எழுதவில்லை.

"படைப்புல இலை போடுவீகளா ஆச்சி?" என்றாள் உமையாள் மெதுவாக.

"எப்படிப் போட? போட்டா பேரச் சொல்லணும். பேரச் சொன்னா, எப்படிச் செத்தாகன்னு பிள்ளைக கேக்கும்." ஆச்சி பத்திரிகையை மடியில் வைத்து நீவினார். "அதான் வந்தேன். கதையோட கடைசி வாரத்துல அந்த வேலம்மைக்கு நீ ஒரு வாய் சோறு போட்டுருத்தா. சாமி கதவத் தொறக்குதோ இல்லையோ, அது கெடக்கட்டும். சோறு போட்டுரு. எம்மனசு ஆறும்."

சரி என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சுகிறேன். ஒரு வாய் சோறு... கதையில்தானே? எழுதினால் என்ன குறைந்துபோகும்?

என் மகள் தலையை ஆட்டினாள். "மாட்டேன் ஆச்சி. கதையில நான் போட்டுட்டா, வீட்டுல நீங்க போடாம விட்டுருவீக."

எனக்கு உயிரே போய்விட்டது. வருங்கால மாமியாரிடம் ஒரு பெண் பேசுகிற பேச்சா இது?

ஆச்சி பத்திரிகையை மறுபடி சுருட்டினார். காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இத்தனை வாரமும் தோன்றாத ஒரு கேள்வி என் மண்டையில் உறைத்தது. இவர்கள் என் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்றுதானே நடுங்கினேன்? என் பெண் போகப்போவது எந்த வீட்டுக்கு? குலத்துக்குரிய கோயில் எது, அதில் எந்தப் பிரிவு என்று பார்த்தோம், ஜாதகம் பார்த்தோம். பையனுக்குச் சிகரெட் பழக்கமுண்டா என்று மூன்று ஊரில் ஆள் வைத்து விசாரித்தோம். இந்த வீட்டில் யாராவது பட்டினி கிடந்து செத்தார்களா என்று விசாரித்தோமா? விசாரிக்கத் தோன்றுமா?

"ஆச்சி" என்றேன். "எம்மகள வேறு வைக்கிறப்ப... எந்த அறை?"

ஆச்சி நிமிரவில்லை.

"அந்த அறைதான். அது ஒண்ணுதான் சும்மா கெடக்கு."

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. உமையாள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஆத்தா, சித்த சும்மா இருக்கியா?" பிறகு ஆச்சியிடம் திரும்பினாள். "அவுக பேரென்ன ஆச்சி?"

ஆச்சி பத்திரிகையைப் பார்த்தபடி சொன்னார். "விசாலாட்சி."

"அந்தப் பேரச் சொல்லிப் படைங்க. எப்படிச் செத்தாகன்னு பிள்ளைக கேட்டா, சொல்லுங்க. அப்புறமா நிச்சயதார்த்தம் வச்சுக்குவோம். நான் அந்த அறைக்கே வாரேன்."

ஆச்சி ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கார் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. கல்யாணம் நின்றுபோனாலும் பயம், நடந்தாலும் பயம். என் வீட்டுக்காரரோ, "கதையில ஒரு வாய் சோத்துக்கு இவ்வளவு பிடிவாதமா?" என்று மகளிடம் முணுமுணுத்துவிட்டு, என் முறைப்பைப் பார்த்துப் பேங்குக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பது போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

நேற்று ஆச்சியே வந்தார். படைத்துவிட்டார்களாம். பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டு, பேரைச் சொல்லி, இலை போட்டு. பேரன் கேட்டானாம். சொன்னாராம். சொல்லி முடிக்கும்போது வீட்டில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம்.

"நிச்சயதார்த்தத்துல மாத்தமில்லை" என்றார். "இதையெல்லாம் பத்திரிகையில எழுதுவீகளே? எழுதுங்க. ஊரு, பேரு எல்லாத்தையும் மாத்திப்புடுங்க. ஒரு பேர மட்டும் மாத்தாதீக."

மாற்றவில்லை, ஆச்சி.

ஆச்சி நல்லவர். பையன் நல்லவன். எல்லாம் சரிதான். விசாலாட்சி இருந்த காலத்திலும் அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே புதுவயல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். சோறு கொண்டுபோக நாலு அடுக்குத் தூக்குச்சட்டி ஒன்றும் வாங்கியாயிற்று. சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிடாமலே வந்து, நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து, உலை மூடியைத் திறந்து பார்க்கிற பொம்பளைக்கு ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வைத்துக்கொள்ளட்டும்.