சுபைறா சாச்சியின் பாய்

என் சாச்சி, உம்மாவின் தங்கை சுபைறாவைப்போல ஒரு பிடிவாதக்காரியைச் சாய்ந்தமருதில் நான் கண்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

சாச்சி பன்பாய் இழைப்பவள். அவள் புருசன் அபூசாலி சாச்சா கடலுக்குப் போகிறவர். ஒரு பாய்த்தோணி வைத்திருந்தார், அதைவிடப் பெரிய வாயும் வைத்திருந்தார். கலியாணம் முடித்த கிழமையே, "உனக்குத் தீவு காட்டுறன் புள்ள," என்று வாக்குக் கொடுத்தவர். திருகோணமலைக்கு வடக்கே சின்னச் சின்னத் தீவுகள், புறாக்கள் அடைகிற பாறைகள், ஒரு தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்று பன்னிரண்டு வருடம் அளந்தார். எப்போது போவது என்று கேட்டால் மட்டும் காற்றுச் சரியில்லை.

"தீவு பாக்கிறதெண்டா காரைதீவுக்குப் போவமே," என்று பக்கத்து ஊரைச் சொல்லி ஒருமுறை மழுப்பிப் பார்த்தார்.

"அது நடந்து போற தீவு. எனக்குச் சுத்திவரத் தண்ணி வேணும்," என்றாள் சாச்சி.

1955இல் நோன்புப் பெருநாள் முடிந்ததும், பிள்ளைகளை என் உம்மாவிடம் விட்டுவிட்டு, படுக்க இரண்டு பன்பாயும் ஒரு சோற்றுப் பானையுமாகத் தோணியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண்பிள்ளை கடலுக்குப் போவதா என்று கரையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாச்சாவும் வேறு வழியில்லாமல் தோணியைத் தள்ளினார்.

இரண்டு நாள் தென்காற்று நல்லபடி கொண்டுபோனது. பகலெல்லாம் கரையோரமாக ஓடி, பொழுதுபட மணலில் இறங்கிச் சமைத்தார்கள். மூன்றாம் நாள் வாகரைக்கு அப்பால், தரையிலிருந்து கச்சான் காற்று திடீரென்று அடித்து, தோணியின் பாயை மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டது.

காற்று அடங்கியதும் சாச்சா, "பாய் போச்சுது புள்ள. துடுப்பு வலிச்சு ஊருக்குத் திரும்புவம்," என்றார். அவர் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் கூடத் தெரிந்ததாம். சாச்சி அதைக் கவனித்துவிட்டாள்.

"எந்தப் பாய் போச்சு? என்ட பாய் ரெண்டும் இரிக்கே."

தோணியில் கிடந்த கோணியூசியை எடுத்து, இரண்டு பன்பாயையும் ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தாள். பாய்மரத்தில் கட்டச் சொன்னபோது சாச்சா சிரித்தார். கட்டியபின் சிரிக்கவில்லை, ஏனென்றால் தோணி ஓடியது. அதன்பிறகு இருவரும் படுத்தது வெறும் மணலில்.

ஐந்தாம் நாள் முதல் தீவு வந்தது. சாச்சி இறங்கி, கணுக்கால் நனைய நனைய அதைச் சுற்றி நடந்தாள். தண்ணீருக்குள் பச்சை மீன்கள் ஓடின, பாறையிலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. புறப்பட்ட இடத்து மணலில் தன் காலடியைக் கண்டதும்தான் நின்றாள்.

"ஓம், இது தீவுதான்," என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க சொன்ன கிணறு எங்க?"

சாச்சா தலையைச் சொறிந்தார்.

"எனக்கெங்க தெரியும் புள்ள. நானும் இண்டைக்குத்தான் வாறன்."

வேறொருத்தி என்றால் பன்னிரண்டு வருடப் புளுகுக்கும் சேர்த்து அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். சாச்சியோ நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு, எதிரே தெரிந்த அடுத்த தீவுக்குக் கையை நீட்டினாள்.

"அப்ப ஏறுங்க. உங்களுக்குத் தீவு காட்டுறன்."