புகாரில் இருந்த நூல்

சாத்தூர் நீதிமன்ற வராந்தாவில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களில் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் போகாமல் ஒட்டியிருந்தது. உள்ளே போகும்போதெல்லாம் கம்பிக் கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டுத்தான் போனார். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் அப்படி வாசலில் இருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டுமாம். கை பழகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த கருந்திரியின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாழாக்கியதாக இவர்மேல் வழக்கு. கருந்திரி என்பது வெடிமருந்தில் தோய்த்த நூல். அதை வீட்டில் செய்யக் கூடாது. அதனால் புகாரில் வெறும் ‘நூல்’ என்றே எழுதிக் கொடுத்திருந்தார் அவர்.

“நூலை நனைச்சேன்னு ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாகன்னு வக்கீல் சொல்றாரு” என்றார் அந்த அம்மா.

“ஒத்துக்கிட்டுப் போயிருங்கம்மா. அலைச்சல் மிச்சம்.”

“எங்க அடுப்புச் சுவருக்கு அங்கிட்டுதான் காயப்போட்டிருந்தாக. நூலுன்னா நான் எதுக்கு தம்பி தண்ணி ஊத்தப் போறேன்?”

பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பிக் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். நீதிபதி கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா சொன்ன பதில் மட்டும் வராந்தா வரைக்கும் வந்தது.

“நூலு இல்லைங்கய்யா, திரி.”