யாரோ ‘தண்ணி’ என்றார்கள்

என்னிடம் உள்ள புகைப்படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தேதி அச்சாகியிருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. பெரியப்பா மகனின் கேமராவில் யாரும் தேதியைச் சரியாக வைத்ததே இல்லை. எனக்கு ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது, வேம்பு பூத்திருந்தது. ஆகவே சித்திரைத் தொடக்கம் என்று கொள்கிறேன். படத்தில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்கு முன்னால், எங்கள் தெருவே புழுதி படிந்த முகத்தோடு சிரிக்கிறது.

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பு. கிணறு வற்றிய இரண்டாவது கோடை அது. பெரியப்பா தன் தோட்டக்காட்டில் போர் போட்டுத் தண்ணீர் கிடைத்ததும் தெருவுக்கே அந்தக் காய்ச்சல் பிடித்தது. டீக்கடையில், ரேஷன் வரிசையில், பால் ஊற்றுமிடத்தில் அதே பேச்சு. போர் போடாதவரை நோயாளியைப் போல விசாரித்தார்கள். அப்பா மட்டும் வேண்டாம் என்றே இருந்தார்.

“ஏந்தம்பி, உங்காட்டுக்கு அடியில மட்டும் சிமிட்டியா பூசி வெச்சிருக்குது?” என்றார் பெரியப்பா. சிரித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. மறுவாரம் ரிக் வந்தது.

அப்பா ஆபரேட்டரிடம் ஓர் ஆழத்தைச் சொல்லி, அதோடு நிறுத்தச் சொன்னார். அதற்கு மேல் போனால் தோப்பில் பாதியை விற்க வேண்டியிருக்கும். குழியிலிருந்து வெண்புழுதியே எழுந்தது. அதை எங்கள் பக்கம் புகை என்பார்கள். தண்ணீரில்லாத போருக்கும் அதே பெயர். சாம்பிராணி மாதிரி ஏதோ நல்ல சகுனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சொன்ன ஆழம் வந்தது. “பொகைதானுங்க. எடுத்தறலாமுங்களா?” என்றார் ஆபரேட்டர். குழாய்களை வெளியே எடுக்குமுன் குழியைக் கழுவ உதவியாள் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினான். லாரிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு அது அப்போது தெரியாது. கம்ப்ரசர் காற்றைத் திறந்ததும் சேறு பீறிட்டது.

“தண்ணி!” என்று யாரோ கத்தினார்கள். அத்தை குலவையிட்டாள், எல்லாப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா அப்பாவைக் கட்டித் தூக்கினார். படம் எடுத்தது அப்போதுதான். ஆபரேட்டர் கையை ஆட்டி ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை.

“நிறுத்தாதீங்க, ஓட்டுங்க! ஊத்துக்கண்ணு தொறந்துருச்சு!” என்றார் பெரியப்பா.

அப்பா எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு, ஓட்டச் சொல்லிக் கை காட்டினார்.

குழாய்மேல் குழாயாக இறங்கிக்கொண்டே இருந்தது. புகைதான் வந்தது. மதியத்துக்குமேல் கூட்டம் கரைந்தது. “மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வாரனுங்க” என்று ஒருவர் கிளம்பினார். அந்த வாக்கியமும் குலவையைப் போலவே பரவியது. மாடு இல்லாதவர்கூட அதையே சொல்லிப் போனார். புதுத் தண்ணீர் பிடிக்க நான் கொண்டுவந்த குடத்தை அம்மா கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஆவணிக்குள் பாதித் தோப்பு கைமாறியது. மிச்ச மரங்கள் குருத்து சாய்ந்து காய்ந்தன. அப்பா ஒரு ரிக் லாரியிலேயே வேலைக்குச் சேர்ந்து மத்தியப் பிரதேசம் போனார். எங்கள் போரைப் பார்த்த பிறகும் அந்த வருடம் தெருவில் இன்னும் சிலர் தோண்டினார்கள். அடுத்த கோடையில் பெரியப்பாவின் போரும் வற்றியது.

முதலில் கத்தியது யார் என்று அங்கே நின்றவர்களை விசாரித்திருக்கிறேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொல்கிறார்கள். அம்மா சொல்வது வேறு: “உங்கப்பா அந்தப் பக்கந்தான நின்னாரு. வாளியில ஊத்துனதப் பாத்துட்டுத்தான் இருந்தாரு.”

அப்படியானால், கை காட்டியபோதே அவருக்கு உண்மை தெரியும். அத்தனை பேர் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்று எனக்குத் தெரியாது. நானும் குதித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சொல்வதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை. அப்பாவிடம் கேட்டால், “அன்னிக்கு ஒரே சத்தமா இருந்துச்சு சாமி” என்பதற்குமேல் பேச மாட்டேன் என்கிறார்.