கரிக்காரன் சொல்லாமல் விட்ட பொய்

மோஸ்கியோன் ஏதென்ஸ் சந்தையில் கரி விற்றவன். காலையில் கழுதையோடு நகர வாசலில் நுழைவான். விற்று முடிந்ததும் மதிலுக்கு வெளியே ஒரு தத்துவ ஞானி பாடம் நடத்திய தோட்டத்தில் போய் உட்காருவான். அடிமை, பெண்பிள்ளை, கரிக்காரன் என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட இடம் அது. வாற்கோதுமை ரொட்டியும் தண்ணீரும் இருந்தால் மனிதன் சந்தோஷமாக இருக்கலாம், சாவில் பயப்பட ஒன்றுமில்லை என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுவது அவர்கள் வழக்கம். மோஸ்கியோன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் மனைவி ஆர்கிப்பேக்கு இதெல்லாம் பிடிக்காது. "கரி விக்கப் போனா கரியப் பத்திப் பேசேன்யா. சாவப் பத்திப் பேசினா எவன் வாங்குவான்?"

"பயம் போனவன் நிம்மதியாச் சமைப்பான்டி. சமைக்கக் கரி வேணும்ல?"

ஒரே மகள் ஹெடிலே. பதினாறு வயது. குளிர்காலத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கோடை முடிவதற்குள் காய்ச்சல் வந்து படுத்தாள். ஒன்பதாம் நாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, செத்துப்போனா அங்க இருட்டா இருக்குமா? தனியா எப்படிப்பா இருப்பேன்?"

"இருட்டே கிடையாது கண்ணு. பொறக்கறதுக்கு முன்னால பயந்தியா? அது மாதிரிதான். வலி கிடையாது, ஒண்ணுமே தெரியாது."

அவள் முகம் தெளிந்தது. பாவி மனுஷன், அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்போ பின்னால ஒருநாள் நீ வருவியே. அப்பவும் நான் அங்க இருக்க மாட்டேனாப்பா?"

கால்மாட்டில் நின்ற ஆர்கிப்பே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். 'இருப்பே கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை.

"இருக்க மாட்டே கண்ணு. நானும் இருக்க மாட்டேன்."

ஹெடிலே "சரிப்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன் பிறகு அவள் பயப்படவில்லை. பேசவும் இல்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

கல்யாணக் குளியலுக்குத் தண்ணீர் எடுக்க ஆர்கிப்பே உயரமாக ஒரு குடம் வாங்கி வைத்திருந்தாள். மணமாகாமல் செத்த பெண்ணுக்கு அந்தக் குடத்தைச் சமாதியில் வைப்பது வழக்கம். அவளே சுமந்துபோய் வைத்தாள். மோஸ்கியோனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் மனம் பிழைத்திருக்கும். கலங்காமல் நின்றான் என்று தோட்டத்தார் மெச்சினார்கள். அதைக் கேட்டவன் மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பின் பதினோரு வருஷம் கரி விற்றான். வருஷா வருஷம் அவள் போன நாளில் சமாதிக்குப் போய்ப் பாலும் தேனும் ஊற்றுவான். குடிக்க அங்கே யாருமில்லை என்பதில் அவனுக்குக் கடைசிவரை சந்தேகமே வந்ததில்லை. ஆனாலும் கரி படிந்த கையால் குடத்தைத் தடவிக்கொண்டே பேசுவான்.

"அங்கேயே இரு கண்ணு. எங்கயும் போயிடாத. அப்பா வந்துடறேன்."

கேட்க வேண்டியவள் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.