காலை எட்டு மணிக்குப் போட்ட ஐந்து நட்சத்திரம்

இந்த நாட்டில் முடி வெட்டிக்கொண்டாலும், மீ கோரேங் தின்றாலும், மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினாலும், கடைசியில் போனில் பிடிக்கச் சொல்லி ஒரு கட்டம் போட்ட அட்டையை முகத்துக்கு நேரே நீட்டி, "ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க லா" என்கிறார்கள். நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கோலா சிலாங்கூருக்குக் கல்யாணமாகி வந்து இருபது வருசம் ஆகிறது, இதற்கு மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் விசாரிப்பது என்பது வேறு. என்னை இங்கே கட்டிக்கொடுக்கும் முன், மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு மனிதரிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க அப்பா மூன்று பஸ் மாறிப் போனார். திரும்பி வந்து, அவர் சொன்னதைக் கொஞ்சமும், சொல்லாமல் விட்டதை நிறையவும் அம்மாவிடம் பேசினார். நட்சத்திரத்தில் அந்தச் சொல்லாமல் விட்டது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள என் மகளின் கை உடைய வேண்டியிருந்தது.

மகள் யாழினி நர்சிங் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் மலை ஏறப் போகிறார்கள், நானும் போகிறேன் என்றாள். நான் பயந்தாங்கொள்ளி. லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் பத்து நிமிசம் பிந்தினால் மனசுக்குள்ளேயே நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிடுவேன். முறையாகக் கற்றுக்கொண்டு போ, இல்லாவிட்டால் போகாதே என்று சொல்லிவிட்டேன். திசை பார்ப்பது, முடிச்சுப் போடுவது, ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, ஆறு கடப்பது என்று இரண்டு நாள் பயிற்சி நடத்தும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். யாரிடம் அனுப்புவது என்று மூன்று வாரம் போனைத் தடவித் தடவி ஊரார் எழுதியதை எல்லாம் படித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மலாயில் இருந்ததைப் போனே தமிழாக்கிக் கொடுத்தது, பாதி புரிந்தது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பேர்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

அதில் ஓர் இடத்தைப் பற்றி ஒருத்தர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தார். கோச் தோட்டத்துக் கூலிகளை விரட்டும் மண்டோர் மாதிரி கத்துகிறார், மலையில் கொஞ்சம் மேகம் தெரிந்ததற்கே ஆற்றுப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார், வந்ததே வீண் என்று. அதைப் படித்துவிட்டு அந்தப் பேரை அடித்தேன். எந்த ஆள் என் மகளைக் கரையிலேயே நிறுத்தியிருப்பானோ அவனை என் கையாலேயே அடித்தேன். பிறகு ஒரு குறைகூட இல்லாத இன்னொரு இடத்தைப் பிடித்தேன். எல்லாம் ஐந்து. அந்த நிறுவனத்தின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

புக்கிட் பெருந்துங்கைத் தாண்டி, மலையடிவாரத்து ஆற்றங்கரையில் முகாம். முதல் நாள் பெற்றோர் கூட இருக்கலாம் என்றார்கள், போனேன். காலை எட்டு மணி. மேசையில் மடித்து வைத்த டி-சட்டைகள். கோச் நம் தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயசிருக்கும். "ஆன்ட்டி, ரிவ்யூ போட்டுட்டு சட்டைய எடுத்துக்கங்க" என்றான். இன்னும் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லையே என்று தோன்றியது. ஆனால் சிரித்த முகமாக நீட்டுகிறான், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நம்மவனாகவும் இருக்கிறான். எப்படி மறுப்பது? ஐந்து போட்டேன். சும்மா போட்டால் நன்றாக இருக்காது என்று "மிக அருமையான பயிற்சி" என்றும் எழுதினேன். நான் மூன்று வாரம் படித்ததெல்லாம் இப்படி எட்டு மணிக்கு எழுதியவைதான். அவற்றோடு போட்டிருந்த படங்களில் ஒருத்தர் சப்பாத்திலும் சேறு இல்லை, சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

மத்தியானம் எட்டுப் பேரைக் கயிறு பிடித்து ஆற்றில் இறக்கினான். தலைக்கு மேலே நல்ல வெயில். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நுரை வந்தது. பிறகு காய்ந்த சருகு கூட்டம் கூட்டமாக வந்தது. எங்கள் பக்கம் காட்டாறுகள் வருசத்தில் பத்து மாசம் மணலாகத்தான் கிடக்கும். எங்கேயோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும், அதற்கு முன்னே சருகும் நுரையும் வரும். அதைக் கண்டதும் ஆடு மேய்க்கிறவர்கள் மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். இங்கேயும் அதற்கு கெப்பாலா ஆயர் என்று பேர் உண்டு. மலைத் தண்ணீர் தலையெடுத்து வருவது.

ஓடிப்போய், பிள்ளைகளை ஏறச் சொல் தம்பி, தண்ணீர் வரப்போகிறது, எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் இப்படித்தான் வரும் என்றேன். அவன் வானத்தைக் காட்டினான்.

"ஆன்ட்டி, உங்க ஊர்ல ஆத்துல தண்ணி இருக்கா முதல்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். யாழினியும் சிரித்தாள். அம்மா மானத்தை வாங்குகிறாள் என்ற சிரிப்பு.

ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூட இல்லை. தண்ணீர் செந்நிறமாகி, முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. மற்றவர்கள் எப்படியோ கரையேறினார்கள். நடுவில் நின்ற யாழினிக்குக் கால் நழுவியது. கயிறு வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அந்தக் கயிறுதான் அவள் உயிரைப் பிடித்து வைத்தது, அந்தக் கயிறுதான் எலும்பையும் முறித்தது. இழுத்துப் போட்டபோது "மா, சிரிச்சிட்டேன் மா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வார்டில் செய்ய வேண்டிய பயிற்சியை இந்தப் படிப்புத் தவணையில் அவளால் செய்ய முடியவில்லை. ஊசி பிடிக்க வேண்டிய கை, இப்போது ஈரத்துணி பிழிகிறபோதே நடுங்குகிறது.

ஓர் இடத்துக்கு ஒருத்தர் ஒரு ரிவ்யூதான் போடலாம். நான் போட்ட ஐந்தைத்தான் ஒன்றாக மாற்ற முடிந்தது. நடந்ததைத் தமிழிலேயே எழுதினேன். மாவுக்கட்டுப் போட்ட கையைப் படம் பிடித்து மாட்டினேன். மறுநாளே கோச் கூப்பிட்டான். கெப்பாலா ஆயரை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்றான். நான் சொன்னேனே என்றேன். அதற்கு, "காலையில நீங்களேதான ஆன்ட்டி ஃபைவ் ஸ்டார் போட்டீங்க?" என்றான்.

"காலையில என் மகளுக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சு தம்பி."

வீட்டுக்காரர் அழித்துவிடு என்கிறார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தப் பையன் நம் கோயிலுக்கு வரும் தனலெட்சுமி அக்காவின் மகன், ஒரே எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில் இவரோடு வளர்ந்த குடும்பம். "நாளைக்கு நம்ம வீட்டுல ஒரு சாவுன்னா அவங்கதான் வந்து நிப்பாங்க. நீ ஊர்லேருந்து வந்தவ, உனக்குத் தெரியாது" என்றார். இருபது வருசம் சோறாக்கிப் போட்டவளுக்கு அவர் வைத்த பேர் அது. அழித்திருப்பேனோ என்னவோ, அந்த வார்த்தைக்குப் பிறகு அழிக்கவில்லை.

இதைப் படிக்கிற ஊர்ச்சனமும், என்னைப் போல் வந்து சேர்ந்தவர்களும் என்னைக் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறுக்கு எங்கே போகலாம் என்று ஜனங்கள் வியாழக்கிழமைதான் தேடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சமையலை முடித்துவிட்டு, என் ரிவ்யூவில் ஒரு வரியை மாற்றுகிறேன். மாற்றினால் அது புதுசுபோல மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வாரம் நுரையைப் பற்றி. ஒரு வாரம் சருகைப் பற்றி. அவன் கேட்ட கேள்வியை ஒரு வாரம் அப்படியே எழுதினேன். கைக்கட்டு பிரித்தாயிற்று, நான் நிறுத்தவில்லை. என் பயத்துக்கு இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, சாப்பாட்டுக்குப் பாய் விரித்தார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த ஒரு அம்மா, முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்து, "அந்தக் கைப் படம் போட்ட ஊர்க்காரம்மா நீங்கதானே? என் மகன அனுப்பல" என்றாள். ஊர்க்காரி, வீட்டுக்காரர் வைத்த அதே பேர்தான். அவள் சொன்னபோது குத்தவில்லை. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்த்தேன், தனலெட்சுமி அக்கா. என் முகத்தைப் பார்க்காமல், பரிமாறின சோறு கலையாமல் தன் இலையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அந்த அம்மாவின் தோள் என் தோளில் இடித்தது. அந்தப் பக்கம் வெறும் பாய். நான் நடுவில் உட்கார்ந்து, பந்தியில் பரிமாற வந்த யாழினி தன் நடுங்குகிற கையால் எனக்கு ஊற்றிய ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டேன்.