அறுபது பெட்டிக்கும் பொட்டு

பாரிவாக்கத்துக் கிடங்கில் கோமளா பார்ப்பது பழைய காகிதங்களைக் காக்கும் வேலை. நடக்கிற கம்பெனி, மூடின கம்பெனி என்று எல்லாருடைய ஃபைல்களும் அங்கே அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. பார்கோடு எண்ணைச் சொன்னால் பத்தே நிமிடத்தில் பெட்டியை எடுத்து நீட்டிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பதினொரு வருடமாக ஒரு பெட்டியைக்கூடத் தொலைக்காதவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தத் திமிர் ஆயுத பூஜையில் அடிவாங்கியது. ஸ்கேனர், டிராலி, கம்ப்யூட்டர் என்று சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவளுக்குக் கை நிற்கவில்லை. கணக்கெடுப்புக்காகத் தரையில் இறக்கியிருந்த அறுபது பெட்டிகளுக்கும் பொட்டு வைத்துவிட்டாள். எங்கே வைத்தாள்? பெட்டிக்கு நெற்றி மாதிரி வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் இருந்ததே, அந்தப் பார்கோடு மேலேயே!

லீவு முடிந்த முதல் நாளே குப்பம்மா வந்து நின்றாள். அம்பத்தூரில் மூடிப்போன ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் உழைத்து, போன ஆடியில் இறந்துபோன மதுரைவீரனின் மனைவி. அவருடைய சர்வீஸ் கார்டின் நகல் இருந்தால்தான் பென்ஷன் ஆபீசில் மனுவை வாங்குவார்கள். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பட்டறை முதலாளியின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. கார்டு இருந்த பெட்டியோ அந்த அறுபதில் ஒன்று.

"இன்னா மேடம், மிஷினு கம்முனு கீது?" என்று ஸ்கேனரைத் தட்டிப் பார்த்தார் லோடுமேன் டில்லிபாபு. ஈரத்துணியால் துடைத்தார்கள். சந்தனத்தோடு எண்ணும் அழிந்து வந்தது.

வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்பது கிடங்கின் விதி. மணி இரண்டு.

"உள்ள வாங்கம்மா, சேர்ந்தே தேடலாம்" என்றாள் கோமளா.

"எனுக்குப் படிக்கத் தெரியாதே கண்ணு."

"கார்டுல போட்டோ ஒட்டியிருக்கும். மூஞ்சியப் பாருங்க, போதும்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தார்கள். நாற்பத்தோராவது பெட்டியில் குப்பம்மாவின் கை நின்றது. ஒரு கார்டின் போட்டோவில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவன் விறைப்பாக நின்றிருந்தான்.

"இதோ கீறாரு."

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள் கோமளா.

"அந்தக் காது வேற யாருக்கும் இல்லம்மா." குப்பம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "கண்ணாலத்துக்கு முன்ன எடுத்தது. இந்த வயசுல இவர நான் பாத்ததே இல்ல."

மணி மூன்றேகால். இப்போது கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு நகலுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதும் விதிதான். கோமளா இரண்டு எடுத்தாள். இரண்டாவதில் போட்டோவை மட்டும், தாள் முழுக்கப் பெரிதாக்கி.