கோபுரத்துக்காகத் திருப்பிய கழிப்பறை

“கதவு குடிசைப் பக்கம். அகலம் மூன்றரை அடி. வாளிக்குத் தனி இடம்.” 1981 மார்ச் மாத டைரியில் நான் எழுதியிருப்பது. அப்போது திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரையும் வேலை எனக்கு. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக் குடிசைகளுக்குக் குறைந்த செலவில் ஒரு பொதுக் கழிப்பறை வரையச் சொன்னார்கள்.

மூன்றரை அடி என் கணக்கு அல்ல. நான் தரையில் சுண்ணாம்பால் போட்டது மூன்றடிக் கட்டம். அங்கே குடியிருந்த ஒரு சித்தாள் இடுப்புப் பிள்ளையோடு அதற்குள் குந்திப் பார்த்தாள்.

“இதுல நான் உட்காரவா, வாளி உட்காரவா சார்?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அழித்துப் பெரிதாக்கினேன். அவள் எழுந்து சொன்னாள்: “சீக்கிரம் கட்டுங்க. பகல்ல நான் தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது?”

படம் மேலதிகாரியிடம் போனது. உட்காருபவரின் முகம் தெற்கே, கோயில் கோபுரத்தைப் பார்த்து இருந்தது அவர் கண்ணில் பட்டது.

“அபசாரம் ஓய்!”

உள்ளே உட்காரும் பீங்கானை மட்டும் திருப்பிப் பதித்தால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. கட்டடத்தையே திருப்பிக் கையெழுத்துப் போட்டார். கதவுகளெல்லாம் சாலைப் பக்கம் வந்தன. எதிரே டீக்கடை. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கங்கெட்ட மௌனத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கட்டி முடித்து இரண்டு மாதம் கழித்துப் போனேன். பெண்கள் பக்கத்துத் தாழ்ப்பாள்களில் ஒட்டடை. அந்தச் சித்தாள் என்னை விடவில்லை.

“டீயக் குடிச்சிக்கிட்டே எவ எத்தனை தடவ போறான்னு எண்ணுறானுங்க. உங்க வீட்டுப் பொம்பளைங்கள அனுப்புவீங்களா சார்?”

“இன்னும் தண்ணி…” என்று இழுத்தேன்.

“குடிக்கிறதில்ல.”

அலுவலகக் கோப்பில் எழுதினார்கள்: ‘இப்பகுதி மக்களுக்குக் கழிப்பறைப் பழக்கம் இல்லை.’ எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றதில்லை.

1984இல் அந்த வழியாகப் போனபோது பெண்கள் பக்கத்தில் சாலைக் கதவுகள் இருந்த இடம் செங்கல் வைத்து அடைபட்டிருந்தது. பின்சுவரை உடைத்துக் குடிசைப் பக்கம் அதே கதவுகளை மாட்டியிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். பூச்சு மட்டும் கோணல்.

கோப்பைப் புரட்டினேன், அப்படி ஓர் உத்தரவே இல்லை. மறுபடி போய் அந்தச் சித்தாளிடம் கேட்டேன். “நாங்க என்னத்தக் கண்டோம்?” என்று சொல்லி, சொம்பிலிருந்து மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தாள். அந்தச் சுவரை உடைத்தது அவள்தானா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.